அறையிலேயே பெரிய கெட்டிக்காரர்

உங்கள் ஆபீஸில் ஒருவர் இருப்பார். மீட்டிங்கில் நீங்கள் சொன்ன யோசனையையே அரை மணி நேரம் கழித்துத் தன் யோசனையாகச் சொல்வார். பாராட்டு வந்தால் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். திட்டு வந்தால், 'நம்ம பசங்க கொஞ்சம் சொதப்பிட்டாங்க சார்' என்பார். கேன்டீனில் அவர் தலை உருளும்போது மூன்று வார்த்தைகள் கட்டாயம் அடிபடும். ஈகோ பிடிச்ச ஆளு. தலைக்கனம். சரியான சுயநலம்.

மூன்றையும் ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறோம். ஆனால், சுயநலமும் தலைக்கனமும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒரே வீட்டில் ரொம்ப நாள் குடித்தனம் நடத்த முடியாதவை. இதை எனக்குப் புரியவைத்தது மனோதத்துவப் புத்தகம் இல்லை. திவாலான ஒரு கம்பெனியின் கதை.

'தி ஸ்மார்ட்டஸ்ட் கைஸ் இன் தி ரூம்' என்ற அந்தப் புத்தகத்தை பெத்தனி மெக்லீன், பீட்டர் எல்கைண்ட் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 2003-ல் எழுதினார்கள். அறையிலேயே பெரிய கெட்டிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2005-ல் அலெக்ஸ் கிப்னி இதை டாகுமென்டரியாக எடுத்தார். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. என்னை மாதிரி பி.காம். படித்தவர்களுக்கு இது துப்பறியும் நாவல். படிக்காதவர்களுக்கும்தான். ஏனென்றால் இதில் கொலையானது, ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் ரிட்டயர்மென்ட் பணம்.

கம்பெனியின் பெயர் என்ரான். நமக்கும் பழக்கமான பெயர்தான். மகாராஷ்டிராவில் ரத்னகிரி பக்கம் தபோல் மின் திட்டம் என்று கிளம்பி, 1995-ல் ஒப்பந்தம் ரத்தாகி, மறுபடி பேசி, 1999-ல் மின்சாரம் தயாரித்து, அதன் விலை கட்டுப்படியாகாமல் 2001-ல் மாநில மின் வாரியம் கையை விரித்ததே, அந்த என்ரான். அமெரிக்காவில் ஹூஸ்டனில் தலைமையகம். எரிவாயுக் குழாய் போடும் கம்பெனியாக 1985-ல் ஆரம்பித்தது. 1996 முதல் 2001 வரை தொடர்ந்து ஆறு வருஷம் 'அமெரிக்காவின் புதுமையான கம்பெனி' என்று 'ஃபார்ச்சூன்' பத்திரிகை கிரீடம் வைத்தது. 2000 ஆகஸ்டில் ஒரு பங்கின் விலை 90 டாலர். 2001 டிசம்பர் 2-ம் தேதி திவால் மனு. கணக்கில் காட்டிய சொத்து 63 பில்லியன் டாலருக்கும் மேல். அமெரிக்கா அதுவரை பார்த்த திவால்களிலேயே பெரியது. பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே.

இதில் மூன்று பேர் முக்கியம். சேர்மன் கென்னத் லே. மூளை என்று கொண்டாடப்பட்ட ஜெஃப்ரி ஸ்கில்லிங். பணப்பெட்டிச் சாவி வைத்திருந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டோ.

1990-ல் என்ரானில் சேரும்போது ஸ்கில்லிங் ஒரு நிபந்தனை போட்டார். தன் பிரிவின் கணக்கை 'மார்க் டு மார்க்கெட்' முறையில் எழுதவேண்டும். பயந்துவிடாதீர்கள், விஷயம் எளிது. 20 வருஷத்துக்கு எரிவாயு சப்ளை செய்வதாக இன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போடுகிறீர்கள். அந்த 20 வருஷமும் எவ்வளவு லாபம் வரும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அத்தனையையும் இந்த வருஷமே லாபமாகக் காட்டிவிடலாம். தென்னங்கன்று நட்ட அன்றைக்கே இருபது வருஷத்துத் தேங்காயை விற்ற காசை வரவு வைப்பது மாதிரி. கன்று பிழைக்குமா, மழை பெய்யுமா, தேங்காய் விலை என்ன ஆகும்? அதெல்லாம் அப்புறம்!

பங்குச் சந்தையில் தினம் விலை போகிற சரக்குக்கு இந்த முறை நியாயம்தான். 20 வருஷம் கழித்து எரிவாயு என்ன விலை என்று யாருக்குத் தெரியும்? என்ரானுக்குத் 'தெரிந்தது'. 1992-ல் அரசின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பும் சரி என்று தலையாட்டியது. பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்கு முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்றை மனப்பாடம் செய்யவைப்பார்கள். வரப்போகும் லாபத்தை எண்ணாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கி வை. என்ரான் அதைத் தலைகீழாகப் பிடித்தது.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இது கணக்கு முறை மட்டும் இல்லை, ஒரு மன முறை. இன்னும் சாதிக்காத சாதனைக்கான பெருமையை இன்றைக்கே வரவு வைத்துக்கொள்வது. தலைக்கனத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடைக்குமா?

புத்தகத்தோடும் படத்தோடும் என் வழக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. புத்தகம் ஆணவத்தை நன்றாகவே காட்டுகிறது. ஆனால் படித்து முடிப்பவர், 'பேராசை பெருநஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுகிற அபாயம் இருக்கிறது. படம் அந்தப் பக்கம் இன்னும் சாய்கிறது. பணத்தாசை இல்லையா? இருந்தது. லேயும் ஸ்கில்லிங்கும் கோடிக்கணக்கான டாலருக்குப் பங்குகளை விற்றார்கள். ஃபாஸ்டோ தன் மனைவி, குழந்தைகள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'எல்ஜேஎம்' என்று தனி அமைப்புகளைத் தொடங்கி, சொந்தக் கம்பெனியுடனேயே வியாபாரம் செய்து கோடிகளைச் சுருட்டினார்.

ஆனால் சுத்தமான சுயநலக்காரனை யோசித்துப் பாருங்கள். அவனுக்குக் கணக்கு தெரியும். கப்பலில் ஓட்டை என்றால் முதல் படகில் இருப்பான். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கமாட்டான். கென்னத் லே என்ன செய்தார்? விற்றது போக, தன் சொத்தின் பெரும்பகுதியை என்ரான் பங்குகளாகவே வைத்திருந்தார். அவற்றை அடமானம் வைத்துக் கடனும் வாங்கியிருந்தார். கம்பெனி விழுந்தபோது அவரும் விழுந்தார். தன் கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தைத் தானே நம்பினவர் செய்கிற காரியம் இது. சுயநலத்துக்கு ஒரு பிரேக் உண்டு, அது பயம். தலைக்கனத்துக்கு அந்த பிரேக் கிடையாது.

2001 மார்ச்சில் பெத்தனி மெக்லீன் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆமாம், கிரீடம் வைத்த அதே பத்திரிகை! என்ரான் பங்கின் விலை அதிகமோ என்பதுதான் கேள்வி. உண்மையில் இவர்கள் எப்படித்தான் சம்பாதிக்கிறார்கள் என்பது அதற்குள் இருந்த கேள்வி. கட்டுரை வருவதற்கு முன் என்ரான் அதிகாரிகள் மூன்று பேர் விமானம் ஏறி நியூயார்க் வந்து விளக்கம் சொன்னார்கள். பேச்சு முடிந்து கிளம்பும்போது ஃபாஸ்டோ அவரிடம் சொன்னதாக மெக்லீன் பதிவு செய்திருக்கிறார்: கம்பெனியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், என்னை மட்டும் மோசமாகக் காட்டிவிடாதீர்கள். கம்பெனி போனால் தன் வேலை போகும், சொத்து போகும், சுதந்திரமே போகும். அந்த நேரத்தில் மனிதருக்குக் கவலை போட்டோ எப்படி விழும் என்பதில்!

மனோதத்துவக்காரர்கள் இதற்கு நார்சிசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தன்மோகம் என்று சொல்லலாம். பெயர் வந்தது கிரேக்கப் புராணத்து நார்சிஸஸிடமிருந்து. குளத்தில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி, அங்கேயே உருகிச் செத்த இளைஞன். ரோமானியக் கவிஞர் ஓவிட் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு விஷயங்கள் வைத்திருக்கிறார். இரண்டையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒன்று, தண்ணீரில் தெரிவது தன் முகம் என்று ஆரம்பத்தில் அவனுக்குத் தெரியாது. வேறு யாரோ ஓர் அழகன் என்றே நினைக்கிறான். அதாவது அவன் காதலித்தது தன்னை இல்லை, பிம்பத்தை. இரண்டு, கதையில் எக்கோ என்று ஒரு பெண் வருகிறாள். அவளால் சொந்தமாகப் பேச முடியாது. அடுத்தவர் பேச்சின் கடைசி வார்த்தைகளை மட்டும் திருப்பிச் சொல்வாள். அவளும் உருகிப்போய்க் கடைசியில் குரலாக மட்டும் மிஞ்சுகிறாள்.

1914-ல் ஃபிராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதன் தீவிர வடிவத்தை ஓர் ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தார்கள். அடையாளங்கள் முக்கியமாக மூன்று. தான் பெரிய ஆள் என்ற கற்பனை, ஓயாத பாராட்டுப் பசி, அடுத்தவர் வலி உறைக்காத மனசு. வியாதி அளவுக்குப் போகாத தன்மோகத்தை அளக்கவும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அதிகம் பயன்பட்டதில் 40 ஜோடி வாக்கியங்கள். 2014-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கினார்கள். 'நீங்கள் தன்மோகம் பிடித்தவரா? 1 முதல் 7-க்குள் மார்க் போடுங்கள்.' வேடிக்கை என்னவென்றால் இது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. அவர்கள் மறைப்பதில்லை சார். அதில் தப்பு இருப்பதாக நினைத்தால்தானே மறைப்பதற்கு?

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மாமனாருக்கும் மேனேஜருக்கும் வியாதிப் பெயர் சூட்டாதீர்கள். நேரில் பரிசோதிக்காத பிரமுகர்களுக்கு நோய்ப் பெயர் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1973-லேயே தங்களுக்கு விதி வகுத்துக்கொண்டார்கள். ஸ்கில்லிங்குக்கோ லேக்கோ என்ன வியாதி என்று நானும் சொல்லவில்லை. நடந்துகொண்ட விதத்தை மட்டும்தான் பேசுகிறேன்.

சரி, இப்படிப்பட்டவர்கள் எப்படி உச்சிக்குப் போகிறார்கள்? 1998-ல் டெல்ராய் பாலஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். முன்பின் தெரியாத மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக வாரம் ஒருமுறை, ஏழு முறை சந்திக்கவைத்தார். முதல் சந்திப்பில் தங்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நல்ல மார்க். தன்னம்பிக்கை, கெட்டிக்காரத்தனம், கலகலப்பு! ஏழாவது சந்திப்பில் அதே ஆட்களைச் சுற்றியிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது யோசியுங்கள். வேலைக்கான இன்டர்வியூ எத்தனையாவது சந்திப்பு? பெண் பார்க்கும் படலம்? பங்கு வெளியீட்டுக்கு முந்தைய ரோட் ஷோ? நாம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடுகள் பலவும் முதல் சந்திப்புகள்தான். தன்மோகிகள் நூற்றுக்கு நூறு வாங்குகிற பரீட்சையைத் தேடிப்பிடித்து நடத்திக்கொண்டிருக்கிறோம். ஹார்வர்டு நிர்வாகப் பள்ளிக்கான இன்டர்வியூவில் 'நீ புத்திசாலியா?' என்று கேட்டபோது, அச்சில் ஏற்ற முடியாத ஓர் அடைமொழியைச் சேர்த்து 'பயங்கரப் புத்திசாலி' என்று ஸ்கில்லிங் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. இடம் கிடைத்தது!

ஏழாவது சந்திப்பில் வெளுத்துவிடும் சாயம் என்ரானில் ஏன் பத்து வருஷம் நின்றது? இங்கேதான் எக்கோ வருகிறாள்.

ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம். 2000-ல் என்ரானிடம் வாங்கிய கட்டணம் 52 மில்லியன் டாலர். இதில் தணிக்கைக்கு 25, ஆலோசனைக்கு 27. தப்பைக் கண்டுபிடிக்கிற கூலியைவிடத் தோளில் தட்டிக்கொடுக்கிற கூலி அதிகம்! பங்குச் சந்தை ஆய்வாளர்கள்? பங்கு சரிந்துகொண்டிருந்த 2001 இலையுதிர் காலத்திலும் பெரும்பாலானோர் 'வாங்கலாம்' என்றே சிபாரிசு செய்தார்கள். அவர்கள் வேலை பார்த்த வங்கிகளுக்கு என்ரானிடம் வியாபாரம் இருந்தது. கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல நல்ல சம்பளம்.

என்ரானின் விளம்பர வாசகம் என்ன தெரியுமா? 'ஏன் என்று கேள்.' அப்படிக் கேட்ட ஒருவர் கதையையும் பாருங்கள். 2001 ஏப்ரலில், முதலீட்டாளர்களுடனான தொலைபேசிக் கூட்டத்தில் ஒருவர், லாபக் கணக்கோடு பாலன்ஸ் ஷீட்டையும் தராத கம்பெனி நீங்கள் ஒன்றுதான் என்றார். பி.காம். மாணவன்கூடக் கேட்கிற கேள்வி. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்கில்லிங் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார். கொடுமை அது இல்லை. அந்தக் கெட்ட வார்த்தையை விளம்பர வாசகத்தோடு ஒட்டி என்ரான் ஊழியர்கள் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேரின் ஓய்வுக்காலப் பணம் அந்த பாலன்ஸ் ஷீட்டுக்குள் இருந்தது!

படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஊழியர் கூட்டத்தில், ஓய்வூதிய சேமிப்பு முழுவதையும் என்ரான் பங்கிலேயே போடலாமா என்று ஒரு கேள்வி. மேடையிலிருந்த ஓர் அதிகாரி 'தாராளமாக' என்கிறார். லேயும் ஸ்கில்லிங்கும் பக்கத்தில் நிற்கிறார்கள். சிரிப்பு. திவாலானபோது ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் வேலையும் இல்லை, சேமிப்பும் இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

படத்தோடு இன்னொரு சண்டையும் பாக்கி. 2000-2001-ல் கலிஃபோர்னியா இருட்டில் தவித்தபோது, மின் நிலையத்தை நிறுத்தச் சொல்லி விலையை ஏற்றிவிட்டு என்ரான் வியாபாரிகள் போனில் சிரித்துப் பேசிய ஒலிநாடாக்கள் வருகின்றன. இதை விளக்கப் படம் காட்டுவது, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் செய்த பரிசோதனையை. எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சிரிப்பில் கீழ்ப்படிதல் கேட்கவில்லை, போட்டி கேட்கிறது. என்ரானில் ஊழியர்களுக்கு 1 முதல் 5 வரை ரேங்க் போட்டு, கடைசியில் வருகிற 15 சதவீதம் பேரை வெளியே அனுப்பும் வழக்கம் இருந்தது. உயிர் பிழைக்கவேண்டும் என்றால் பக்கத்து சீட்டுக்காரனைவிட நீ உசத்தி என்று நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறவியில் சாதுவாக இருந்தவனையும் கண்ணாடி முன்னால் நிறுத்திவிடுகிற ஏற்பாடு இது. தலைக்கனம் மேலே மூன்று பேர் மண்டையில் மட்டும் இல்லை; சம்பளப் பட்டியலிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

இது வீட்டுக்கும் பொருந்தும். 2015-ல் நெதர்லாந்தில் 565 பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. 'மற்ற பிள்ளைகளைவிட என் பிள்ளை உசத்தி' என்று தூக்கிவைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மோகம் கூடியது. உசத்தி தாழ்த்தி பேசாமல் சும்மா பிரியமாக இருந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் சுயமரியாதை கூடியது. இரண்டும் வேறு வேறு பயிர். ரேங்க் கார்டைப் பார்த்ததும் 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?' என்று கேட்கிறோமே, அது எந்தப் பயிருக்குத் தண்ணீர்?

'தன்மோகம் இல்லாமல் பெரிய காரியம் நடக்குமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாட்டர்ஜி, ஹாம்ப்ரிக் என்ற இருவர் 2007-ல் கம்ப்யூட்டர் துறையின் 111 தலைமை அதிகாரிகளை ஆராய்ந்தார்கள். ஆண்டறிக்கையில் போட்டோ எவ்வளவு பெரிசு, கம்பெனி அறிக்கைகளில் தலைவர் பெயர் எத்தனை தடவை, பேட்டியில் 'நான்' எத்தனை தடவை, அடுத்த நிலை அதிகாரியைவிடச் சம்பளம் எத்தனை மடங்கு. இவற்றைவைத்துத் தன்மோகத்தை அளந்தார்கள். அளவு கூடியவர்கள் நிறையக் கம்பெனிகளை வாங்கினார்கள், அடிக்கடி வியூகம் மாற்றினார்கள். லாபம் ஒரேயடியாக ஏறியது, ஒரேயடியாக இறங்கியது. சராசரியில் மற்றவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. சினிமா என்றால் இந்த ஏற்ற இறக்கம் சுவாரசியம். ஊஞ்சலில் ஆடுவது உங்கள் பென்ஷன் பணம் என்றால்?

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்டோவுக்கு ஆறு வருஷம் சிறை. லே 2006-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை அறிவிக்கும் முன் இறந்துபோனார். ஸ்கில்லிங்குக்கு 24 வருஷம் விதித்தார்கள். 2013-ல் அது 14 ஆகக் குறைந்தது. 2019-ல் வெளியே வந்தார். ஆர்தர் ஆண்டர்சன் மீதான தீர்ப்பை 2005-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் நிறுவனமே காலி.

நார்சிஸஸ்களுக்கு ஏதோ ஒரு தண்டனை கிடைத்துவிட்டது. எக்கோக்களில் பெரும்பாலோர் அடுத்த குளக்கரைக்குப் போய்விட்டார்கள். இந்தப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்வது கெட்டிக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு மட்டும் இல்லை. பக்கத்தில் நின்று தலையாட்டியவர்களைப் பார்ப்பதற்கு. அந்தக் கூட்டத்தில் ஆடிட்டர், பத்திரிகைக்காரர், பங்கு வாங்கியவர், ஜோக்குக்குச் சிரித்தவர் எல்லாரும் இருக்கிறார்கள்.

அடுத்த மீட்டிங்கில் அந்த ஒருவர் உங்கள் யோசனையைத் தன்னுடையதாகச் சொல்லும்போது சண்டை போடவேண்டாம். 'நல்லா இருக்கு சார், இதுல காசு எப்படி வரும்னு மட்டும் சொல்லுங்க' என்று சாதாரணமாகக் கேளுங்கள். மெக்லீன் கேட்டதும் இவ்வளவுதான்.